வாரத்துக்கு நான்கு மணி நேரம்

கவுன்சிலிலிருந்து, அதாவது எங்கள் பகுதி உள்ளூராட்சி மன்றத்திலிருந்து, வந்த கடிதம் இரண்டு பக்கம். எங்களுக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு வரிதான்: மகனுக்கு வாரத்துக்கு நான்கு மணி நேர உதவி அனுமதிக்கப்பட்டிருக்கிறது, அதை எந்த வடிவில் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மூன்று வாரத்துக்குள் தெரிவிக்கவும். அந்த நான்கு மணி நேரத்துக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தோம். கிடைத்த பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானும் கணவரும் சண்டை போட்டுக்கொண்டோம்.

மகனுக்குப் பத்து வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை, கால் மட்டும் ஓயாது. வேலியைக் கண்டால் ஏறுவான், தண்ணீரைக் கண்டால் சப்பாத்தோடு இறங்குவான், கதவு திறந்திருந்தால் தெருவில் நிற்பான். தங்கைக்கு ஏழு வயது. அண்ணனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள். நாங்கள் இருப்பது லண்டனில். சொந்தங்கள் யாழ்ப்பாணத்திலும் டொரன்டோவிலும் இருக்கிறார்கள். ஓர் அவசரத்துக்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகப் பக்கத்தில் ஒரு சித்தியோ மாமியோ இல்லை. எங்களைப் போன்ற வீடுகள் இந்த ஊரில் நிறைய இருப்பதால்தான், அந்த மூன்று வாரத்தில் அலைந்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 17ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் எல்லோரையும் உதவி தேவைப்படும் குழந்தைகள் என்றே வகைப்படுத்துகிறது. பெற்றோருக்கு இளைப்பாற இடைவெளி கொடுப்பதற்கான விதிகள் 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. பகல் நேரக் கவனிப்பு, இரவுத் தங்கல், வீட்டுக்கு வெளியே விளையாட்டு, மாலை, வார இறுதி, பள்ளி விடுமுறை என்று எல்லாவற்றையும் கவுன்சில் யோசிக்க வேண்டும். தன்னிடம் என்னென்ன சேவைகள் இருக்கின்றன, யாருக்குத் தகுதி என்று ஓர் அறிக்கையாக வெளியிடவும் வேண்டும். அந்த விதிகளில் நான் இரண்டு முறை படித்த இடம் ஒன்று உண்டு. இடைவெளி இல்லாவிட்டால் கவனிப்பையே தொடர முடியாது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த உதவி என்று அங்கே சொல்லவில்லை. ஓய்வு கிடைத்தால் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவர்களையும், படிக்க வேண்டியவர்களையும், மற்றப் பிள்ளைகளின் தேவையைக் கவனிக்க வேண்டியவர்களையும் அது கணக்கில் எடுக்கிறது. மதிப்பீட்டுக்கு வரும் அதிகாரியிடம் 'சமாளித்துக்கொள்கிறோம்' என்று சொல்வது நம்மவர்களுக்கு மரியாதை. படிவத்தில் அது 'தேவை இல்லை' என்று பதிவாகும். எங்கள் பதினான்கு மாதத்தில் ஆறு மாதம் அந்த ஒரு சொல்லால் போனது.

எங்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்று. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கென்றே பணியாளர்களோடு நடக்கும் சாகச விளையாட்டுத் திடல் முதலாவது. டைரக்ட் பேமென்ட் என்று காசாக வாங்கி, நாமே ஓர் உதவியாளரை வைத்து, ஊர்ப் பூங்காவுக்கு அனுப்புவது இரண்டாவது. மணி நேரங்களைச் சேர்த்து வைத்து இரவுத் தங்கலாக, அதாவது எல்லோரும் ரெஸ்பைட் என்று சொல்வதாக, மாற்றிக்கொள்வது மூன்றாவது.

உங்கள் பிள்ளை இரவில் மூன்று மணி நேரம்தான் தூங்குகிறது, நீங்கள் மாதக்கணக்கில் ஒரு முழு இரவைப் பார்க்கவில்லை என்றால், மற்றதை அப்புறம் படிக்கலாம். மூன்றாவதைக் கேளுங்கள். தூக்கமில்லாத ஆளுக்குச் சாகசம் பற்றிய கட்டுரை எதற்கு?

மற்றவர்களுக்கு, திடலிலிருந்து தொடங்குகிறேன்.

சாகசத் திடல் என்ற யோசனை டென்மார்க்கில் பிறந்தது. சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர், தான் அழகாக வரைந்து கொடுத்த விளையாட்டிடங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டடம் கட்டும் இடத்துக் குப்பையிலும் பலகையிலும் போய் விளையாடுவதைக் கவனித்திருந்தார். 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவில், கோபன்ஹேகனின் எம்ட்ருப் பகுதியில் அப்படி ஒரு பழம்பொருள் திடல் திறந்தது. பலகை, ஆணி, மண்வெட்டி, கூடவே அங்கேயே நிற்கும் ஒரு பெரியவர். 1946இல் அதைப் பார்த்த பிரித்தானிய நிலவடிவமைப்பாளர் லேடி ஆலன், குண்டு விழுந்து வெறுமையாய்க் கிடந்த லண்டன் மனைகளை இதற்குப் பயன்படுத்தலாமே என்று பத்திரிகையில் எழுதினார். அவருடைய கடைசிக் காலத்து வேலைதான் எங்கள் கதைக்கு நேர்த் தொடர்பு. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான முதல் சாகசத் திடல் அவருடைய முயற்சியில் 1970இல் லண்டனின் செல்சியில் திறந்தது. சக்கர நாற்காலிப் பிள்ளைக்கும் சேற்றில் கைவைக்க உரிமை உண்டு என்று அன்றைக்குச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும். இன்றைக்கே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

நாங்கள் பார்க்கப் போன திடலில் முதலில் கண்ணில் பட்டது விளையாட்டுச் சாதனம் அல்ல, கதவு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கதவுகள். முதலாவது மூடாமல் இரண்டாவதைத் திறக்கக் கூடாது. என் வலது கை, எட்டு வருடமாக மகனின் மணிக்கட்டைப் பிடித்தே பழகிய கை, அந்த இரண்டாவது கதவு மூடியதும் தானாக விட்டுவிட்டது. அவன் ஓடினான். யாரும் துரத்தவில்லை. ஒரு பெண் மட்டும், ஓடாமல், அவன் போகும் திசையிலேயே நடந்து போனாள்.

உள்ளே மரத்தால் கட்டிய மேடைகள், மேடைவரை ஏறும் நீண்ட சரிவுப் பாதை, சக்கர நாற்காலி போகிற அகலத்தில் ஒரு பாலம், அதன் பக்கத்திலேயே போக முடியாத அகலத்தில் ஒரு கயிற்றுப் பாலம். படுத்துக்கொண்டே ஆடக்கூடிய கூடை ஊஞ்சல். மணல், தண்ணீர்க் குழாய், இரண்டும் சேரும் இடத்தில் நிரந்தரச் சேறு. மழைக்கு ஒதுங்க ஒரு கூடம், அதற்குள் வெளிச்சம் குறைந்த ஓர் அமைதி அறை. வளர்ந்த பிள்ளைக்கு உடை மாற்றத் தூக்குப்பொறியோடு பெரிய கழிப்பறை. இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளையைப் பொதுக் கழிப்பறைத் தரையில் படுக்க வைத்து உடை மாற்றிய தாய்மார் எங்களில் பலர்.

சாதனங்களை வைத்து இந்த இடத்தை மதிப்பிட்டால் தவறிவிடும். விலை உயர்ந்த சாதனம் ஊர்ப் பூங்காவிலும் இருக்கிறது. திடலில் கிடைப்பது விளையாட்டுப் பணியாளர்கள். பிள்ளைக்கு என்ன விளையாடுவது என்று சொல்லிக் கொடுக்காமல், அது தொடங்கியதைக் கெடுக்காமல் பக்கத்தில் நிற்கத் தெரிந்தவர்கள். மகன் இருபது நிமிடம் தண்ணீர்க் குழாயை மூடித் திறந்துகொண்டிருந்தான். பள்ளியில் அதற்குத் 'திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தை' என்று பெயர். இங்கே ஓர் இளைஞன் வாளியைக் கொண்டுவந்து குழாயின் கீழ் வைத்துவிட்டு விலகிப் போனான். இருபத்தோராவது நிமிடம் வாளி நிரம்பியது. மகன் அதைத் தூக்கிப் போய் மணலில் ஊற்றினான். அவ்வளவுதான் நடந்தது. நான் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

தங்கை உள்ளே வரலாமா என்பது எனக்கு இன்னொரு பெரிய கேள்வி. இப்படிப்பட்ட திடல்கள் பலவற்றில் சகோதரர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எடின்பரோவில் தி யார்டு என்று நல்ல பெயர் பெற்ற இடம் ஒன்று குடும்பமாக வருவதற்கென்றே நேரம் ஒதுக்குகிறது. அண்ணனை முறைத்துப் பார்க்காத பிள்ளைகளோடு ஒரு பகல் முழுக்க விளையாடுவது தங்கைக்கு என்ன செய்தது என்பதை என்னால் அளந்து சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில், "அம்மா, இங்கே நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை" என்றாள். ஏழு வயதுக்கு அது அதிகமான வாக்கியம்.

குடும்ப உதவி என்று தனியாக ஒரு மேசை இல்லாவிட்டாலும், திடலின் சமையலறைதான் அந்த மேசை. கெட்டில் கொதிக்கும் நேரத்தில் யாராவது ஒரு தாய் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கான உதவித்தொகைப் படிவத்தை விரித்து வைத்திருப்பார். நாற்பது பக்கம் வரும் படிவம் அது. 'நல்ல நாளை எழுதாதீர்கள், மோசமான இரவை எழுதுங்கள்' என்று எனக்குச் சொன்னது எந்த அதிகாரியும் அல்ல, எதிர் நாற்காலியில் இருந்த ஒரு சோமாலியத் தாய். பெற்றோருக்கும் தனியாகத் தேவை மதிப்பீடு கேட்கலாம் என்பதும், 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதை உரிமையாக்கியிருக்கிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

குறைகளும் உண்டு. இப்படிப்பட்ட இடங்கள் குறைவு. எங்களுக்கு இரண்டு பஸ், ஐம்பது நிமிடம். பஸ்ஸில் வரும் வழியிலேயே மகன் ஒருமுறை இறங்கிவிட்டான். ஒருவருக்கு ஒருவர் என்று பணியாளர் தேவைப்படும் பிள்ளைகளுக்கு இடம் இன்னும் குறைவு, காத்திருப்பு இன்னும் நீளம். கவுன்சில் நிதியையும் நன்கொடையையும் நம்பி நடப்பவை இவை. ஒரு வருடம் இருக்கும் சனிக்கிழமை அடுத்த வருடம் இல்லாமல் போகலாம்.

அடுத்து, காசாக வாங்குவது.

கணவர் இந்தப் பக்கம்தான் நின்றார். அவர் சொன்ன காரணங்கள் லேசானவை அல்ல. பூங்கா வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. தரைமட்டத்தில் சுழலும் ராட்டினம் இருக்கிறது, சக்கர நாற்காலியோடே ஏறலாம். கூடை ஊஞ்சலும் இருக்கிறது. நேரத்தை நாம் தீர்மானிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் பேசும் ஓர் உதவியாளரை நாமே தேடலாம். மகனுக்குப் பேச்சு இல்லையே தவிர, சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்வான். 'இரு', 'வா', 'போதும்', 'கை கழுவு' என்று அம்மம்மா தொலைபேசியில் சொன்னால்கூடச் செய்வான். அதையே ஆங்கிலத்தில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். தேர்த் திருவிழாவுக்கு அழைத்துப் போக, கூட்டத்தில் தோளில் வைத்துக்கொள்ள, சத்தம் தாங்காமல் காதைப் பொத்தும்போது வெளி வீதிக்கு நகர்த்த, திடலின் எந்தப் பணியாளரும் வரப்போவதில்லை. உதவியாளர் வருவார்.

ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினருக்கு அந்தக் காசைச் சம்பளமாகக் கொடுக்கப் பொதுவாக அனுமதி இல்லை. வேறு வீட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் முதலாளி. காப்புறுதி, சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, வருடத்துக்கு 5.6 வாரச் சம்பளத்தோடு விடுமுறை, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு என்று எல்லாம் உங்கள் தலையில். சம்பளக் கணக்கைப் பார்த்துக்கொடுக்கச் சேவை நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டணத்தையும் சேர்த்துத் தருமாறு தொடக்கத்திலேயே கேளுங்கள், பிறகு கேட்டால் இழுபடும். நாலு மணி நேரத்துக்கு இவ்வளவு பெரிய அலுவலகமா என்று சலித்துக்கொண்ட கணவரே இப்போது ஞாயிறு இரவுகளில் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறார்.

பூங்காவில் எனக்கு இருந்த தயக்கம் வேறு. அங்கே இரண்டாவது கதவு இல்லை. சாதனம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது, சுற்றியிருக்கும் சனிக்கிழமை அப்படி இல்லை. ஊஞ்சலில் இருந்து மகன் இறங்கமாட்டான், பின்னால் வரிசை நீளும், ஒரு பாட்டி உச்சுக்கொட்டுவார், உதவியாளர் மன்னிப்புக் கேட்பார், தூக்கி இறக்குவார், அழுகை வெடிக்கும். நாய்கள் வேறு. மகன் அங்கே என்ன செய்தாலும் ஒருவர் கை பக்கத்தில் இருக்கும். விழமாட்டான். ஏறவும் மாட்டான்.

இரவுத் தங்கல் பற்றி நம்மவர்களிடம் பேசும்போது முதலில் வருவது பயம். 'பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் திருப்பித் தரமாட்டார்கள்' என்று எனக்கே இரண்டு பேர் சொன்னார்கள். இந்தப் பயத்துக்கு நேரான பதில் விதிகளில் இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரு தடவைக்கு 17 நாளுக்கு மிகாமல், வருடத்துக்கு 75 நாளுக்கு மிகாமல் தங்கும் குறுகிய இளைப்பாறலுக்குத் தனியான, இலகுவான நடைமுறை உண்டு. பெற்றோரின் சம்மதத்தோடு நடப்பது இது. பெற்றோரின் பொறுப்பும் உரிமையும் பெற்றோரிடமே இருக்கும். எந்தச் சட்டப் பிரிவின் கீழ் ஏற்பாடு செய்கிறீர்கள் என்று சமூகப் பணியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதால் யாரும் கோபிப்பதில்லை.

நாங்கள் போய்ப் பார்த்த வீடு சுத்தமாக இருந்தது. அன்பான ஆட்கள். நான்கு அறை, ஒவ்வொன்றிலும் மூலை மழுங்கிய கட்டில். தோட்டத்தில் ஒரு சறுக்குமரம், உயரமான வேலி. மகன் அங்கே பாதுகாப்பாக இருப்பான், நாங்கள் தூங்குவோம். அவன் என்ன செய்வான் என்று கேட்டேன். தொலைக்காட்சி பார்ப்பான், தோட்டத்தில் இருப்பான், குளித்துவிட்டுப் படுப்பான் என்றார்கள். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலும் அவன் அதைத்தான் செய்கிறான். எங்களுக்குக் கிடைப்பது ஓய்வு, அவனுக்குக் கிடைப்பது வேறு கட்டில். வேறொரு குடும்பத்தின் வீட்டில் தங்கவைக்கும் ஏற்பாடும் உண்டு. அது நல்லபடி அமைந்த வீடுகளில் பிள்ளைக்கு இரண்டாவது சித்தி கிடைத்த மாதிரி என்கிறார்கள். எங்கள் பகுதியில் அப்படி முன்வந்த குடும்பம் எதுவும் அப்போது இல்லை.

நான்காவதாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், வாரத்து நான்கு மணி நேரத்தில் அது அடங்காது என்றாலும். நார்தம்பர்லாந்தின் கீல்டர், டெவனின் எக்ஸ்மூர், வடமேற்கே ஏரி மாவட்டம் ஆகிய இடங்களில் கால்வெர்ட் என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கான வெளிப்புறச் சாகச மையங்கள் இருக்கின்றன. குடும்பத்தோடு போய்த் தங்கலாம். சிநேகிதி ஒருத்தியின் மகள், பெருமூளை வாதம், கழுத்து மட்டுமே அவள் சொல் கேட்கும். கீல்டரில் அவள் சக்கர நாற்காலியோடு கயிற்றில் இறங்கிய காணொளியைச் சிநேகிதி எங்களுக்கு அனுப்பியிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு கர்வம். வருடத்தில் ஒரு வாரம், மிச்சம் ஐம்பத்தொரு வாரம் அப்படியே நிற்கும். செலவுக்குக் குறைந்த வருமானக் குடும்பங்கள் 1973இலிருந்து இயங்கும் ஃபேமிலி ஃபண்ட் அறக்கட்டளையிடம் மானியம் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டுச் சண்டை கடைசியில் வந்து நின்றது ஆபத்து என்ற ஒரு சொல்லில்தான். திடலில் இரண்டாவது தடவை மகன் கயிற்றில் சறுக்கி உள்ளங்கை உரிந்துவிட்டது. பணியாளர் விபத்துப் பதிவேட்டைக் காட்டி, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன மருந்து போட்டோம் என்று விளக்கிக் கையெழுத்து வாங்கினார். கணவர் பேசவில்லை. அம்மாவிடம் சொன்னேன், தப்புத்தான். "பேச வாயில்லாத பிள்ளையைக் கயிற்றில் ஏற்றிவிட்டு நீ தேநீர் குடித்தாயா?" என்று கேட்டார். குடித்தேன்தான்.

இந்த நாட்டின் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகமே 2012இல் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், ஆபத்தை முழுதாக அகற்றுவது நோக்கம் அல்ல, நன்மையையும் ஆபத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நல்ல திடலில் அந்த எடைபோடல் காகிதமாக இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். நான் கேட்டேன். கயிற்றுப் பாலத்துக்கு எழுதியிருந்ததைப் படித்தேன். விழுந்தால் எவ்வளவு உயரம், கீழே என்ன மெத்தைத் தரை, எந்தப் பிள்ளைக்கு யார் பக்கத்தில் நிற்பது, அதற்கு எதிரே இந்தப் பாலம் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறது. பூங்காவில் எங்கள் பிள்ளையைப் பற்றி யாரும் இப்படி உட்கார்ந்து யோசித்ததில்லை. நாங்களும் யோசித்ததில்லை, வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். கட்டுப்போட்ட கையோடு மகன் அடுத்த சனிக்கிழமை நேராக அந்தக் கயிற்றிடம்தான் போனான். இந்தத் தடவை மெதுவாக இறங்கினான்.

நீங்கள் திடலைப் பார்க்கப் போனால் பிள்ளையோடு போங்கள். காலை பத்து மணிக்கு வெறும் இடத்தைச் சுற்றிக் காட்டுவதை ஏற்காதீர்கள், கூட்டம் இருக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். பணியாளர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்களா, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வலிப்பு வந்தால் மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்றவர் எல்லா நேரத்திலும் இருக்கிறாரா என்றும், உங்கள் பிள்ளைக்குத் தனியாக ஆள் வேண்டுமென்றால் அவருக்குக் காசு கவுன்சிலா திடலா என்றும் கேளுங்கள். ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ இருந்தால் விதிகள் வேறு. ஸ்காட்லாந்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் காசாக வாங்குவது, கவுன்சிலே ஏற்பாடு செய்வது என்று நான்கு வழி தருகிறது, கலந்து எடுப்பதும் அவற்றில் ஒன்று.

கலந்து எடுக்கலாம் என்பது எங்களுக்கும் பொருந்தும் என்று தெரிய வந்தபோது மூன்று வாரத்தில் இரண்டு நாள் மிச்சம். கடிதத்தில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "ஓ, தாராளமாக" என்றார்கள்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை திடல். மற்ற இரண்டுக்கும் காசு. அந்தக் காசில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தமிழ்ப் பையன் வருகிறான். மகன் அவனை விரலால் தொட்டுப் பார்த்து ஏற்றுக்கொள்ள ஆறு வாரம் எடுத்தது. இரவுத் தங்கலுக்குப் பெயரை மட்டும் பதிந்து வைத்திருக்கிறோம். அவன் வளர்கிறான், எனக்கு முதுகு வலி கூடுகிறது, தேவைப்படும் நாளில் வரிசையின் கடைசியில் நிற்க விருப்பமில்லை.

திடலில் விட்ட முதல் சனிக்கிழமை, இரண்டாவது கதவு மூடிய பிறகு, நானும் கணவரும் வெளியே நடைபாதையில் நின்றோம். நான்கு மணி நேரம். எங்கே போவது என்று இருவருக்கும் தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தின் எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் தேநீரைக் குடித்து முடித்தோம். "இன்னொன்று?" என்றார்.